கண்காணிப்பு அமைப்புகளிடம் வேலை வாங்குவது எப்படி? மனு முதல் ஆணை வரை ஒரு முழு வழிகாட்டி

நம் நாட்டில் கண்காணிப்பு அமைப்புகளுக்குப் பஞ்சமே இல்லை. வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி, பங்குச் சந்தைக்கு செபி, காப்பீட்டுக்கு ஐ.ஆர்.டி.ஏ.ஐ., உணவுக்கு எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ., புகைக்கும் கழிவுநீருக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் என்று வரிசையாக இருக்கின்றன. இருந்தும் "புகார் கொடுத்தேன், ஒன்றும் நடக்கவில்லை" என்று சொல்பவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். அவர்களிடம் கொஞ்சம் கேட்டுப் பார்த்தால் பெரும்பாலும் நடந்தது இதுதான்: கிளை மேலாளரிடம் வாயால் சொல்லியிருப்பார்கள், வாடிக்கையாளர் சேவை எண்ணில் கத்தியிருப்பார்கள், சமூக வலைத்தளத்தில் போட்டிருப்பார்கள். இதில் எதுவும் எந்த அதிகாரியையும் சட்டப்படி பதில் சொல்லக் கட்டாயப்படுத்தாது.

இந்த அமைப்புகள் ஒவ்வொன்றுக்கும் சட்டம் ஒரு நாள்கணக்கு வைத்திருக்கிறது. 30 நாள், 21 நாள், 6 மாதம், 2 வருடம். அந்தக் கணக்கை ஓட வைப்பது சரியான இடத்தில் தேதியோடு பதிவான ஒரு தாள். நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் அந்தத் தாள் இல்லையென்றால் உங்கள் புகார் யார் மேசையிலும் இல்லை. இந்த வழிகாட்டி அந்தத் தாளைப் பற்றியது. தமிழ்நாட்டில் இருப்பவரை மனதில் வைத்து எழுதுகிறேன். மத்தியச் சட்டங்கள் பற்றிய பகுதி மற்ற மாநிலத்தவருக்கும் பொருந்தும்.

படி 1: உங்களுக்கு என்ன வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

இது சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் பாதிப் புகார்கள் இங்கேதான் வழி தவறுகின்றன. பேருந்து நிலையக் கடையில் தண்ணீர் பாட்டிலுக்கு அச்சிட்ட விலையைவிட 5 ரூபாய் அதிகம் வாங்கினார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த 5 ரூபாயும் அலைச்சலுக்கு இழப்பீடும் வேண்டுமானால் நுகர்வோர் குறைதீர் ஆணையம். கடை இனிமேல் யாரிடமும் அப்படி வாங்கக் கூடாது, அபராதம் விதிக்க வேண்டும் என்றால் சட்டமுறை எடையளவுப் பிரிவு. தமிழ்நாட்டில் அது தொழிலாளர் துறையின் கீழ் வருகிறது. எடையளவு ஆய்வாளரால் கடைக்காரருக்கு அபராதம் போட முடியும், உங்களுக்கு ஒரு பைசா வாங்கித் தர முடியாது. ஆணையத்தின் கதை வேறு. உங்கள் இழப்பை அது பார்க்கும், ஊரில் உள்ள எல்லாக் கடையையும் போய்ப் பார்க்காது.

ஒரே நிறுவனம் ஆயிரக்கணக்கானவர்களை ஒரே மாதிரி ஏமாற்றுகிறது, பொய் விளம்பரம் செய்கிறது என்றால் அதற்கென்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இருக்கிறது. 2020 ஜூலை 24-இல் உருவாக்கப்பட்டது. தனிநபர் இழப்பீட்டுக்கு அங்கே போகாதீர்கள்.

இரண்டும் வேண்டுமென்றால் இரண்டு மனுக்களாக எழுதுங்கள். எல்லாக் கோரிக்கையையும் ஒரே மனுவில் அடைத்து, முதலமைச்சர் முதல் மாவட்ட ஆட்சியர் வரை பத்துப் பேருக்கு நகல் போட்டு அனுப்புவது நம் ஊர் வழக்கம். நகல் பட்டியல் நீளமானால் ஒவ்வொருவரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுவார்கள்.

படி 2: சரியான கதவைக் கண்டுபிடியுங்கள்

சில கதவுகள் தெளிவானவை. வங்கி, நிதி நிறுவனம், பணப்பரிமாற்றச் செயலி என்றால் ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டம். 2021 நவம்பர் 12-இல் தொடங்கப்பட்டது. தகவலுக்கு 14448 என்ற எண் உண்டு. பங்கு, மியூச்சுவல் ஃபண்ட் என்றால் செபியின் ஸ்கோர்ஸ் என்ற இணையப் புகார் தளம். காப்பீடு என்றால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர். வீடு கட்டித் தராத கட்டுநர் என்றால் ரெரா எனப்படும் வீடு-மனை ஒழுங்குமுறை ஆணையம். மின் கட்டணத் தகராறு என்றால் மின்வாரியத்தின் நுகர்வோர் குறைதீர் மன்றம், அதில் திருப்தி இல்லையென்றால் மின் குறைதீர்ப்பாளர்.

சில கதவுகள் பெயரால் ஏமாற்றும். தொலைபேசிக் கட்டணப் பிரச்சினைக்கு டிராய் எனப்படும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்துக்கு எழுதுபவர்கள் ஏராளம். டிராய் தனிநபர் புகாரைத் தீர்த்துவைப்பதில்லை. அது விதி வகுக்கும் அமைப்பு. முதலில் நிறுவனத்தின் புகார் மையம், அங்கே தரும் புகார் எண்ணோடு அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரி. அங்கும் முடியவில்லை என்றால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஆணையத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்று நிறுவனங்கள் ரொம்ப காலம் வாதாடின. 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்க மறுத்துவிட்டது.

மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தைப் பலர் பெரிய நம்பிக்கையாக வைத்திருக்கிறார்கள். போகலாம், தப்பில்லை. ஆனால் அங்கே கொடுக்கும் மனு பெரும்பாலும் நீங்கள் முன்பே அலைந்த அதே துறைக்குத்தான் திரும்பி வரும். அங்கிருந்து நீங்கள் வாங்கிவர வேண்டியது மனு எண். பின்னால் தகவல் உரிமை மனு போடும்போது அது கைகொடுக்கும்.

படி 3: முதலில் நிறுவனத்துக்கே எழுதுங்கள்

பலருக்கு இது பிடிக்காது. "திருடனிடமே போய்ப் புகார் கொடுப்பதா?" என்பார்கள். ஆனால் வங்கிக் குறைதீர்ப்பாளரும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரும் கேட்கும் முதல் கேள்வி, நிறுவனத்துக்கு எழுத்தில் கொடுத்தீர்களா என்பதுதான். கொடுக்காமல் போனால் மனு அங்கேயே திரும்பிவிடும்.

எழுத்து என்றால் மின்னஞ்சல் போதும். அனுப்ப வேண்டிய முகவரி நிறுவனத்தின் இணையதளத்தில் குறைதீர் அதிகாரி என்ற பெயரில் இருக்கும். பொதுவான உதவி முகவரி வேண்டாம். தபாலில் அனுப்பினால் ஒப்புகை அட்டையோடு அனுப்புங்கள். 2025-இல் பதிவுத் தபால் ஸ்பீடு போஸ்டோடு இணைக்கப்பட்டுவிட்டதால், ஸ்பீடு போஸ்டில் பதிவுச் சேவை வேண்டும் என்று கவுன்டரில் கேட்டு வாங்க வேண்டும். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் வராதீர்கள். முத்திரை போட மறுத்தால் சண்டை போட வேண்டாம், அடுத்த கடை தபால் நிலையம்.

படி 4: ஒரு பக்கத்துக்குள் மனு

நல்ல மனுவில் கோபம் இருக்காது, தேதி இருக்கும். எந்த விதி மீறப்பட்டது என்று ஒரு வரி இருந்தால் மனுவின் எடையே மாறிவிடும். ஏ.டி.எம்.மை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். பணம் வரவில்லை, கணக்கில் கழிந்துவிட்டது. 2019 செப்டம்பர் 20-ஆம் தேதியிட்ட ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கையின்படி 5 நாளுக்குள் வங்கி தானாகவே பணத்தைத் திருப்பிப் போட வேண்டும். அதற்கு மேல் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு, நீங்கள் கேட்காமலேயே வர வேண்டும். இதைத் தெரிந்துகொண்டு எழுதும் மனு இப்படி இருக்கும்:

"ஐயா, எனது கணக்கு எண் ______. ______ தேதி மாலை ______ மணிக்கு ______ தெரு ஏ.டி.எம்.மில் 10,000 ரூபாய் எடுக்க முயன்றேன். பணம் வெளிவரவில்லை; கணக்கில் கழிக்கப்பட்டதாகக் குறுஞ்செய்தி வந்தது (நகல் இணைப்பு). பரிவர்த்தனை எண் ______. இன்றோடு ______ நாள் ஆகியும் தொகை திரும்ப வரவில்லை. 20.09.2019 ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கைப்படி தொகையையும், 5 நாளுக்கு மேற்பட்ட ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீட்டையும் வரவு வைக்கக் கோருகிறேன். 30 நாளில் பதில் இல்லையெனில் குறைதீர்ப்பாளரை அணுகுவேன்."

அவ்வளவுதான். இருபது வருட வாடிக்கையாளர் என்ற பெருமையும் மேலாளர் முகம் கொடுத்துப் பேசவில்லை என்ற வருத்தமும் இதில் வேண்டாம்.

இதேபோல் விதி தெரிந்தால் லாபம் தரும் இன்னொரு இடம் வீட்டுக் கடன். கடனை முழுதாக அடைத்த 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும்; தாமதத்துக்கு வங்கியே காரணம் என்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும் என்று 2023 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. 2023 டிசம்பர் 1 முதல் திருப்பித் தர வேண்டியவற்றுக்கு இது பொருந்தும். இந்த ஒரு வரியை மனுவில் எழுதினால் "பத்திரம் ஹெட் ஆபீஸில் இருக்கிறது" என்ற பதில் சீக்கிரமே மாறும்.

இணைய மோசடியில் பணம் போனால் மட்டும் மனு எழுதிக்கொண்டிருக்காதீர்கள். முதலில் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள், அதே மூச்சில் வங்கிக்குச் சொல்லுங்கள். மூன்றாம் தரப்பின் அத்துமீறலால், உங்கள் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் போன பணம் என்றால், பணம் போனதை வங்கி தெரிவித்ததிலிருந்து 3 வேலை நாளுக்குள் புகார் கொடுத்தவருக்கு இழப்பு பூஜ்யம் என்பது 2017-ஆம் ஆண்டின் விதி. 4 முதல் 7 நாள் என்றால் ஒரு வரம்பு வரை உங்கள் தலையில். ஓ.டி.பி.யை நீங்களே சொல்லிவிட்டால் புகார் கொடுக்கும் வரை போனது உங்கள் கணக்கில்தான் எழுதப்படும்.

படி 5: ஆதாரம் – எதைச் சேர்ப்பது, எப்படிச் சேர்ப்பது

இந்தப் படியில் 2015 மேகி நூடுல்ஸ் விவகாரத்தை நினைத்துப் பார்ப்பது நல்லது. உத்தரப் பிரதேசத்தின் பாராபங்கியில் எடுத்த மாதிரியில் தொடங்கி, கொல்கத்தா ஆய்வகம் ஈயம் அதிகம் என்று சொல்லி, 2015 ஜூன் 5-இல் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. நாடு முழுவதும் தடை போட்டது. ஆகஸ்ட் 13-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. காரணம்: நிறுவனத்துக்குத் தன் தரப்பைச் சொல்ல வாய்ப்புக் கொடுக்கவில்லை, சோதித்த ஆய்வகங்களுக்கு உரிய அங்கீகாரம் இல்லை. அங்கீகாரம் பெற்ற மூன்று ஆய்வகங்களில் மறுசோதனை நடத்தச் சொன்னது நீதிமன்றம். அதில் தேறி, நவம்பரில் நூடுல்ஸ் மறுபடியும் கடைக்கு வந்தது. நூடுல்ஸில் ஈயம் இருந்ததா இல்லையா என்று மக்கள் இன்னும் வாதிடலாம். கண்காணிப்பு அமைப்பு வழக்கில் சறுக்கியது நடைமுறையில். நாட்டின் உச்ச உணவு அமைப்புக்கே இந்தக் கதி என்றால், நாம் கண்ணாடி பாட்டிலில் பிடித்துக்கொண்டு போகும் பாலுக்கு என்ன மதிப்பு என்று யோசியுங்கள்.

ஆகவே உணவு விஷயத்தில் செய்ய வேண்டியது: பில் கேட்டு வாங்குங்கள். திறக்காத இன்னொரு பாக்கெட் அதே தொகுப்பு (பேட்ச்) எண்ணில் கிடைத்தால் வாங்கி வையுங்கள். உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கு எழுதி, அவரையே மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். அவர் எடுக்கும் மாதிரி நான்கு பங்காகப் பிரிக்கப்படும். பகுப்பாய்வாளர் 14 நாளுக்குள் அறிக்கை தர வேண்டும். நீங்களே சோதிக்க விரும்பினால் 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-ஆவது பிரிவு அதற்கு வழி தருகிறது. கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் கொடுக்கலாம், குறை இருந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். ஆனால் சோதிக்கப் போகிறேன் என்பதை வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லியிருக்க வேண்டும். இந்த நிபந்தனை தெரியாமல் போகிறவர்கள்தான் அதிகம்.

பெட்ரோல் பங்கில் அளவு குறைகிறது என்ற சந்தேகம் வந்தால் அங்கேயே 5 லிட்டர் அளவையில் ஊற்றிக் காட்டச் சொல்லலாம். அந்த அளவை ஒவ்வொரு பங்கிலும் இருக்க வேண்டும். காட்ட மறுத்தால் அந்த மறுப்பே புகாருக்குப் போதும்.

தொழிற்சாலை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. உள்ளே நுழைந்து படம் எடுக்கப் போய், அத்துமீறி நுழைந்ததாக வழக்கு வாங்கிக்கொண்டவர்கள் உண்டு. வேலிக்கு வெளியே தெரிவதே பல நேரம் போதும். கொடைக்கானல் வெப்பமானி ஆலையின் பாதரசக் கழிவு விவகாரம் 2001-இல் வெடித்தது வேலிக்கு உள்ளே இருந்து இல்லை. மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய சாமான் கடையில் குவிந்து கிடந்த உடைந்த வெப்பமானிக் கண்ணாடிகளை ஊர்க்காரர்களும் சூழல் ஆர்வலர்களும் கண்டுபிடித்ததில் இருந்து. அந்த ஆண்டே ஆலை மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்களுக்கான உடன்பாடு 2016-இல்தான் வந்தது.

படி 6: ஒழுங்குமுறை அமைப்பின் கதவைத் தட்டுங்கள்

நிதித் துறையில் இது சுலபம், எல்லாம் இணையத்தில், இலவசமாக. நிறுவனம் 30 நாளில் பதில் தரவில்லை அல்லது தந்த பதில் திருப்தியில்லை என்றால் வங்கிக் குறைதீர்ப்பாளர். 2021 திட்டப்படி பதில் வந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். அதே விஷயம் நீதிமன்றத்தில் இருக்கக் கூடாது. வக்கீல் வைத்துப் போடும் புகாரை ஏற்க மாட்டார்கள். நீங்களே போட வேண்டும், அல்லது வக்கீல் அல்லாத ஒருவருக்கு அதிகாரம் தரலாம். காப்பீட்டிலும் கிட்டத்தட்ட இதே வழிதான். அங்கே குறைதீர்ப்பாளரின் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும், உங்களுக்குப் பிடிக்கவில்லையென்றால் நீங்கள் வேறு இடம் போகலாம். ஸ்கோர்ஸில் நிறுவனம் 21 நாளுக்குள் பதில் தர வேண்டும். பிடிக்கவில்லையென்றால் 15 நாளுக்குள் மறுஆய்வு கேட்க வேண்டும். அந்த 15 நாளைக் கோட்டை விடுபவர்கள் நிறைய. நிறுவனம் ஒரு ஒப்புக்குப் பதில் போட்டுவிட்டு, நீங்கள் மறக்கட்டும் என்று காத்திருக்கும்.

முதலீட்டாளர்களுக்கு ஒரு வார்த்தை, இந்த இடத்தில் கொஞ்சம் தள்ளித்தான் வருகிறது. புகார் கொடுக்க வேண்டிய நிலைக்கு முன்பே பார்க்க வேண்டியது, காவல் காப்பவருக்குச் சம்பளம் கொடுப்பது யார் என்பது. கணக்குத் தணிக்கையாளருக்கும் தரமதிப்பீட்டு நிறுவனத்துக்கும் பணம் தருவது கண்காணிக்கப்படும் கம்பெனியே. 2009 ஜனவரி 7-இல் சத்யம் மென்பொருள் நிறுவனத்தின் தலைவர் தானே கடிதம் எழுதி மோசடியை ஒப்புக்கொள்ளும் வரை தணிக்கையாளர்கள் வருடா வருடம் கையெழுத்துப் போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். 2018-இல் ஐ.எல். அண்டு எஃப்.எஸ். என்ற நிதி நிறுவனம் கவிழ்வதற்குச் சில வாரம் முன்பு வரை அதன் கடன் பத்திரங்களுக்கு உச்சத் தரமதிப்பீடு இருந்தது. அந்த ஆண்டுதான் தணிக்கையாளர்களைக் கண்காணிக்கவே தேசிய நிதி அறிக்கை ஆணையம் வந்தது. தரமதிப்பீட்டை மட்டும் பார்த்துப் பணம் போடாதீர்கள். பதவிக்காலம் முடியும் முன் தணிக்கையாளர் விலகினாரா என்று பாருங்கள். கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் 100 ரூபாய் கட்டினால் எந்தக் கம்பெனியின் ஆண்டுக் கணக்கையும் யாரும் பார்க்கலாம்.

படி 7: மாசு என்றால் பாதை நீளம்

ஆலை நடத்த மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை வேண்டும். அதில் எவ்வளவு உற்பத்தி செய்யலாம், எவ்வளவு கழிவுநீர், எங்கே விடலாம் என்றெல்லாம் நிபந்தனைகள் இருக்கும். ஊரார் "நாற்றம் தாங்கவில்லை" என்று எழுதுகிறார்கள். வாரியத்துக்குப் பிடி கொடுப்பது அந்த வாக்கியம் இல்லை. "இசைவாணையின் இந்த நிபந்தனைப்படி கழிவுநீர் வளாகத்துக்கு வெளியே விடக் கூடாது, இந்தத் தேதியில் இந்த ஓடையில் விட்டார்கள்" என்ற வாக்கியம். ஆகவே முதல் வேலை இசைவாணையின் நகலை வாங்குவது. அடுத்த படியில் அதைச் சொல்கிறேன்.

பிறகு ஒரு குறிப்பேடு. தேதி, நேரம், காற்றின் திசை, நீரின் நிறம், மீன் செத்ததா, யாருக்கு என்ன தொந்தரவு. மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு எழுதி, மாதிரி எடுக்கும்போது நீங்களும் இருக்க அனுமதி கேளுங்கள். நீர் மாசுச் சட்டம் மாதிரி எடுக்க ஒரு முறை வைத்திருக்கிறது. நீங்கள் எடுத்த மாதிரி சந்தேகத்தைக் கிளப்ப உதவும், ஆலைக்கு எதிரான சட்டபூர்வ ஆதாரமாக நிற்காது. மாதிரி எடுக்க வருவது ஆலைக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது என்ற குறை எல்லா ஊரிலும் உண்டு. அதனால்தான் குறிப்பேட்டில் நேரம் முக்கியம். இரவு 2 மணிக்குத் திறந்துவிடுகிறார்கள் என்று ஒரு மாதம் பதிவு இருந்தால், பகல் 11 மணிக்கு எடுத்த மாதிரி சுத்தமாக இருப்பதற்கு அர்த்தமில்லை என்று பசுமைத் தீர்ப்பாயத்தில் வாதிடலாம்.

தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் 60 நாள். இழப்பீடு கேட்பதற்கு 5 வருடம். பத்து வருடமாகப் பொறுத்துக்கொண்டோம் என்று அனுதாபம் தேடிச் சொல்வது அங்கே உங்களுக்கு எதிராகவே திரும்பலாம். சமீபத்திய மீறல் எது, எந்தத் தேதி என்று தொடங்குங்கள்.

பாலாற்றை நினைத்தால் இந்தப் பாதையின் நீளம் புரியும். வேலூர் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு பற்றி வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவரே விலை கொடுக்க வேண்டும் என்ற கொள்கை நம் சட்டத்தில் வேரூன்றியதில் அந்தத் தீர்ப்புக்குப் பெரிய பங்கு உண்டு. ஏறத்தாழ 28 வருடம் கழித்து, 2025 ஜனவரி 30-இல் அதே உச்ச நீதிமன்றம் அதே பாலாற்று மாசுக்காக மறுபடியும் இழப்பீட்டுக்கும் கண்காணிப்புக் குழுவுக்கும் உத்தரவிட வேண்டியிருந்தது. தீர்ப்பு வந்ததோடு கண்காணிப்பை விட்டுவிட்டால் ஆறு என்ன ஆகும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

ஆலை வருவதற்கு முன்பே பேசக் கிடைக்கும் இடம் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும், சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையின் சுருக்கம் தமிழில் கிடைக்க வேண்டும். கூட்டத்துக்குக் குறைந்தபட்ச வருகை என்று எதுவும் இல்லை. பத்துப் பேர் வந்தாலும் கூட்டம் செல்லும். அதனால் புறக்கணித்துக் கூட்டத்தை முடக்கிவிடலாம் என்று நினைக்காதீர்கள். முடிவில் நடவடிக்கைக் குறிப்பை அங்கேயே தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. பேசிவிட்டுக் கிளம்பிவிடாமல் கடைசி வரை இருந்து, உங்கள் கருத்து குறிப்பில் ஏறியிருக்கிறதா என்று கேளுங்கள். எழுத்திலும் ஒன்றைக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.

படி 8: காவலரைக் காவல் காப்பது – தகவல் உரிமை

என்னைக் கேட்டால் இந்த எட்டாவது படிதான் மற்ற எட்டுக்கும் முதுகெலும்பு. 1994-இல் ராஜஸ்தானின் கோட் கிரானா கிராமத்தில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற தொழிலாளர்-விவசாயிகள் அமைப்பினர் அரசு வேலைப் பதிவேடுகளை ஊர் நடுவில் சத்தமாக வாசித்தார்கள். கட்டப்படாத கட்டடமும் செய்யாத வேலைக்குக் கூலியும் வெளியே வந்தன. அந்த இயக்கத்தின் தொடர்ச்சியாக 2005-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்து, அக்டோபர் 12 முதல் முழுதாக நடைமுறைக்கு வந்தது.

தனியார் கம்பெனிக்கு நேராக இந்த மனு போட முடியாது. ஆனால் தனியாரைப் பற்றி வேறு சட்டத்தின் கீழ் அரசு அமைப்பு பெறக்கூடிய தகவலும் இந்தச் சட்டத்தில் "தகவல்"தான். அப்படியென்றால் ஆலையிடம் கேட்க வேண்டியதை மாசு வாரியத்திடம் கேட்கலாம், ஓட்டலிடம் கேட்க வேண்டியதை உணவுப் பாதுகாப்புத் துறையிடம் கேட்கலாம். வங்கி ஆய்வறிக்கைகள் ரகசியம் என்று ரிசர்வ் வங்கி மறுத்தபோது, 2015 டிசம்பரில் ஜெயந்திலால் மிஸ்திரி வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த மறுப்பை ஏற்கவில்லை. ரிசர்வ் வங்கி பொதுமக்களின் நலனுக்குப் பொறுப்பானது, தனிப்பட்ட வங்கியின் நலனுக்கு அல்ல என்றது.

மனு எழுதும் கலை ஒன்றே ஒன்று: "ஏன்" என்று கேட்காதீர்கள், ஆவணத்தைக் கேளுங்கள். "ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?" என்ற கேள்விக்கு "தகவல் இல்லை" என்று ஒரே வரியில் பதில் வரும். இப்படிக் கேளுங்கள்:

1. ______ ஆலைக்கு வழங்கிய நடப்பு இசைவாணையின் நகல், நிபந்தனைகளோடு.
2. கடந்த இரண்டு ஆண்டில் நடந்த ஆய்வு அறிக்கைகளின் நகல், மாதிரி எடுத்த தேதி, ஆய்வக முடிவுகள்.
3. அனுப்பிய விளக்கம் கேட்கும் அறிவிப்புகளின் நகலும் ஆலை தந்த பதிலின் நகலும்.
4. எனது ______ தேதியிட்ட மனு எந்தெந்த அலுவலரிடம் எத்தனை நாள் இருந்தது, அவர்களின் பதவி, ஒவ்வொருவரும் எழுதிய கோப்புக் குறிப்பின் நகல்.
5. மேற்கண்ட கோப்பை நேரில் பார்வையிட ஒரு நாள்.

நான்காவது கேள்விதான் தூக்கத்தைக் கலைக்கும். அது போன பிறகு, மனுவுக்கே பதில் வந்துவிடுவதும் உண்டு. பெயர் கேட்காமல் பதவி கேளுங்கள். 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தனிநபர் தகவல் என்ற விலக்கை அகலப்படுத்திவிட்டது, மறுக்க ஒரு சாக்குக் கொடுக்க வேண்டாம்.

கட்டணம் 10 ரூபாய். தமிழ்நாடு அரசு அலுவலகம் என்றால் மனுவிலேயே நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டலாம். மத்திய அலுவலகம் என்றால் அஞ்சல் ஆணை. இணையத்திலும் போடலாம். எதற்காகக் கேட்கிறேன் என்று சொல்ல வேண்டியதில்லை. 30 நாளில் பதில். உயிர், சுதந்திரம் சம்பந்தப்பட்டதென்றால் 48 மணி நேரம். தவறான அலுவலகத்துக்குப் போட்டிருந்தால் அவர்களே 5 நாளுக்குள் மாற்றி அனுப்ப வேண்டும்.

பதில் இல்லை, அல்லது மழுப்பல் என்றால் அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு. அதிலும் தீரவில்லையென்றால் 90 நாளுக்குள் தகவல் ஆணையம். ஆணையத்தில் காத்திருப்பு நீளம், அதை மறைக்க முடியாது. ஆனால் பொதுத் தகவல் அலுவலரின் சொந்தப் பணத்தில் நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் அபராதம் விதிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. முதல் மேல்முறையீட்டில் அந்தப் பிரிவை, 20-ஆவது பிரிவை, ஒரு வரியில் நினைவூட்டினால் போதும்.

படி 9: நுகர்வோர் ஆணையம், அப்புறம் ஆணையை நிறைவேற்றுவது

வேறு எதுவும் பலிக்காவிட்டால் இங்கே. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு அழைத்தால் முதலில் சமரசத்துக்கு முயல்வார்கள், பல விஷயம் அதிலேயே முடியும். முடியாவிட்டால் மாவட்ட ஆணையம். நீங்கள் கொடுத்த விலை 50 லட்சம் வரை அங்கே, 2 கோடி வரை மாநில ஆணையம். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம்; கம்பெனியின் தலைமை அலுவலகம் குர்கானில் இருந்தால் அவர்கள்தான் உங்கள் ஊருக்கு வர வேண்டும். காலவரம்பு 2 வருடம். 3 மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, வாய்தாக்கள் வேறு சொல்கின்றன.

வழக்கு நடக்கும்போது கம்பெனியிலிருந்து தொலைபேசி வரும். பணம் தருகிறோம், வாபஸ் வாங்குங்கள் என்பார்கள். வாங்கலாம், ஆனால் பணம் கணக்கில் ஏறிய பிறகு, எழுத்தில், ஆணையத்தின் முன்னால். இதற்கிடையில் அவர்களைப் பற்றிச் சமூக வலைத்தளத்தில் நிரூபிக்க முடியாத எதையும் எழுதாதீர்கள். அவதூறு நோட்டீஸ் வந்தால் நீங்கள் இரண்டு வழக்கு நடத்த வேண்டிவரும்.

ஆணை உங்கள் பக்கம் வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று கோப்பைப் பரணில் போட்டுவிடுகிறார்கள். எதிர்த்தரப்புக்கு மேல்முறையீடு செய்ய 45 நாள் உண்டு, அதற்கு ஆணையிட்ட தொகையில் பாதியைக் கட்ட வேண்டும். 45 நாளுக்குள் மேல்முறையீடும் இல்லை, ஆணையில் சொன்ன கெடுவுக்குள் பணமும் வரவில்லை என்றால் அதே ஆணையத்தில் நிறைவேற்று மனு போடுங்கள். அந்த 2019 சட்டத்தின் 71-ஆவது பிரிவில் உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பைப் போலச் சொத்தை ஜப்தி செய்து வசூலிக்கலாம். 72-ஆவது பிரிவில் ஆணையை மீறியவருக்கு ஒரு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, அல்லது 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். ஆணையின் சான்றிட்ட நகல், பணம் கேட்டு நீங்கள் அனுப்பிய கடிதம், அதன் ஒப்புகை அட்டை ஆகிய மூன்றையும் மனுவோடு இணையுங்கள்.